கணக்கு வகுப்பு: மதிப்பெண் வாரியாகப் பிரிப்பதா, கலந்தே வைப்பதா?

இரண்டு விதமான வகுப்புகளிலும் நான் கணக்கு நடத்தியிருக்கிறேன். எட்டாம் வகுப்பை எப்படி அமைக்கலாம் என்று என்னிடம் கேட்டபோது, பிள்ளைகளைக் கலந்தே வைத்து, பாடத்துக்குப் பாடம் மாறும் சிறு குழுக்களாக நடத்துவது என்று முடிவு செய்தேன்.

மதிப்பெண் பார்த்துத் தனித்தனிப் பிரிவாக்கினால் ஆசிரியருக்குச் சுலபம், பாடமும் ஒரே வேகத்தில் போகும். தேர்ச்சி கூடுமா என்றால், உயர்நிலை வகுப்புகள் பற்றிய ஆய்வுகளை 1990இல் தொகுத்துப் பார்த்த அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் கண்ட சராசரிப் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம்தான்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே கேள்வி: கீழ்ப் பிரிவில் போட்ட பிள்ளை மறுபடி மேலே வர முடியுமா? முடியும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சுலபமான கணக்குகள். மேல் பிரிவு சமன்பாடுகளை முடித்துவிட்டு வரைபடத்துக்குப் போகும்போது, இவர்கள் இன்னும் பின்னத்திலேயே நிற்பார்கள். நடுவில் ஒரு பையன் நன்றாகத் தேறினாலும் அவனை மாற்றத் தயக்கம்; அங்கே நடத்திய பாதிப் பாடம் அவன் காதில் விழுந்ததே இல்லை. அடுத்த ஆண்டு இடைவெளி இன்னும் பெரிது. அதற்குள் “எனக்குக் கணக்கு வராது” என்று அவனே சொல்லத் தொடங்கியிருப்பான். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

மாறும் குழுவில் இந்தச் சிக்கல் இல்லை. பின்னத்தில் திணறுகிற பெண் வடிவியலில் முன்னால் நிற்பாள். பாடம் முடிந்ததும் குழு கலைந்துவிடும், சிலபஸ் எல்லாருக்கும் ஒன்றே.

மனப்பான்மை விஷயத்தில் கலந்த வகுப்புக்கும் ஒரு குறை உண்டு. திறமை ஒன்றாகவே இருந்தாலும், கெட்டிக்காரர்கள் நடுவில் இருக்கும் பிள்ளை தன்னைக் குறைவாக மதிப்பிடும் என்று கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அதனால்தான் நான் வகுப்பில் மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பதில்லை.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று கென்யாவில் இருக்கிறது. 121 தொடக்கப் பள்ளிகளில் பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோ குழுவினர் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பைப் பிரித்தபோது இரு பிரிவினருமே முன்னேறினார்கள். ஆசிரியர் பிள்ளைகளின் நிலைக்கு இறங்கி நடத்த முடிந்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். சரி, அந்த வசதி சிறு குழுக்களிலும் கிடைக்கிறது என்பதே என் எண்ணம்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு நான் கணக்கு எடுத்ததில்லை. அங்கே இது எந்த அளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் வகுப்புகள் பெரியவையும் அல்ல. ஐம்பது அறுபது பேரை வைத்துக்கொண்டு குழுக்களை மாற்றிக்கொண்டே இருப்பது ஓர் ஆசிரியருக்குக் கடும் வேலை. முடிவெடுக்கும் முன் அதையும் கணக்கில் எடுங்கள்.