அட்மின் உரிமையைப் பிடுங்கும் மென்பொருள்: ஆறு மாதத்துக்குப் பிறகு

எங்கள் ஆபீஸில் 40 கம்ப்யூட்டர், எல்லாருக்கும் அட்மின் உரிமை (எதையும் இன்ஸ்டால் செய்யவும் மாற்றவும் முழு அதிகாரம்) இருந்தபோது யார் எதை இன்ஸ்டால் செய்தார்கள் என்பதே தெரியாது. ஆறு மாதம் முன்பு இந்த மென்பொருளைப் போட்டோம், இப்போது எல்லாரும் சாதாரண யூசர்தான். தேவையான புரோகிராமை ரைட் கிளிக் செய்து காரணம் எழுதினால் அது மட்டும் அட்மின் உரிமையோடு திறக்கும், யார் எப்போது திறந்தார் என்பதும் பதிவாகும். இது பிடித்திருக்கிறது.

தலைவலி, எந்தப் புரோகிராமை அப்படித் திறக்கவிடலாம் என்று விதி எழுதுவதில்தான். ஃபைலின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான குறியீடு) வைத்து எழுதியிருந்தேன். கணக்கு மென்பொருள் அப்டேட் ஆனதும் ஹாஷ் மாறிப்போய், ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி காலையில் அக்கவுண்ட்ஸ் அக்கா என் மேசைக்கே வந்து நின்றுவிட்டார். அப்புறம் விதியை, ஃபைல் யாருடையது என்று காட்டும் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பத்துக்கு மாற்றினேன், சரியானது. பழைய பிரிண்டரின் இன்ஸ்டாலருக்குக் கையொப்பமே கிடையாது, அதை அட்மின் உரிமையோடு திறக்க இன்னும் நான்தான் மாடி ஏறுகிறேன். இந்த மென்பொருளின் சப்போர்ட்டில் பதில் வர இரண்டு நாள்.