மாரோவிண்ட்: பல வருடம் விளையாடிய பிறகு ஒரு மதிப்பீடு

நல்ல ஆர்பிஜி (ஒரு கேரக்டரின் வேடமேற்று ஆடும் வீடியோ கேம்) எது என்ற வாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கும். வீசும் அடி எதிரி மேல் படுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது விளையாடுபவரின் கையா, கேரக்டரின் எண்களா? 2002இல் வந்த மாரோவிண்ட் என்ற ஆர்பிஜியைப் பலர் முதல் ஒரு மணி நேரத்திலேயே மூடிவிடுவது இதனால்தான். கத்தி எதிரியைத் தொட்டது போலவே தெரியும், ஆனால் ஒன்றும் ஆகாது.

அடி படும் வாய்ப்பின் கணக்கு எளிது. ஆயுத ஸ்கில் (அந்த ஆயுதத்தில் உள்ள தேர்ச்சி), அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டுங்கள். களைப்பைப் பொறுத்து 0.75 முதல் 1.25 வரை ஏதோ ஒன்றால் அது பெருக்கப்படும். அஜிலிட்டி, லக் இரண்டும் 40 என்று வையுங்கள். ஷார்ட் பிளேடு (குறுங்கத்தி) ஸ்கில் வெறும் 5, ஓடியே ஃபட்டீக் (களைக்காமல் மிச்சமிருக்கும் தெம்பு) காலி என்றால் 13 சதவீதம்கூடத் தேறாது. ஸ்கில் 40, ஃபட்டீக் முழுசாக இருந்தால் 65. எதிரி விலகும் திறன் இதிலிருந்து இன்னும் கழியும். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு ஆயுதத்தை மேஜர் ஸ்கில்லாக (கேரக்டரின் முதன்மைத் தேர்ச்சி) எடுங்கள், 30இல் தொடங்கும். கேரக்டருக்குத் தேர்ந்தெடுக்கும் இனத்தின் போனஸும் அதற்கே சேரட்டும். சண்டைக்கு முன் ஓடாதீர்கள், நடங்கள்.

என் கட்சி எண்களின் பக்கம்தான். கத்தி பிடிக்கத் தெரியாதவன் தடுமாறத்தான் வேண்டும். ஆனால் எதிரி விலகுவதைக் காட்டும் அசைவே இல்லாதது பெரிய குறை.

அதைவிட மோசம் லெவல் ஏறும் முறை. ஒரு அட்ரிபியூட்டுக்கு (அஜிலிட்டி போன்ற அடிப்படைப் பண்பு) 5 புள்ளி வேண்டுமானால் அந்த லெவலுக்குள் அதன் கீழுள்ள ஸ்கில்களை மொத்தம் 10 முறை உயர்த்தியிருக்க வேண்டும். உயிர்ப்புள்ளியோ ஒவ்வொரு லெவலிலும் அப்போதைய எண்டூரன்ஸில் (தாங்குதிறன்) பத்தில் ஒரு பங்குதான் கூடும், விட்டுப்போனது பின்னால் வராது. விளைவு, எண்டூரன்ஸுக்குக் கீழுள்ள ஸ்கில்களை ஏற்ற, திருடனாக ஆட வந்தவரும் ஈட்டியும் கனமான கவசமுமாக அலைகிறார். வேடத்தைக் கணக்கு தின்றுவிடுகிறது. எண்டூரன்ஸை மட்டும் முதலில் ஏற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இதை உயர்ந்த ஆர்பிஜி என்பேன். இதே வரிசையில் பின்னால் வந்த ஸ்கைரிமில் கதைக்கு முக்கியமானவர்களை வெட்டினால் மண்டியிட்டு மறுபடி எழுந்துவிடுவார்கள். இங்கே செத்துப்போவார்கள். விதியின் இழை அறுந்தது என்று ஒரு அறிவிப்பு வரும், பழைய சேவுக்குப் போவதா தொடர்வதா என்பது உங்கள் இஷ்டம். கதையின் தெய்வமான விவெக்கையே கொன்றாலும், அவரிடமுள்ள ரெயித்கார்ட் என்ற மாயக் கையுறையை எடுத்துக்கொண்டு யாக்ரம் பகார்ன் என்ற கடைசிக் குள்ளரிடம் போனால் கதையை முடிக்க ஒரு வழி இருக்கிறது.