ஆட்டோடெஸ்க் ஃப்யூஷனில் இருபுற மில்லிங்: செட்டப் வசதிகள் குறித்த மதிப்பாய்வு

ஒரே பக்கத்திலிருந்து வெட்டி முடிக்கக்கூடிய பாகத்துக்கு எந்த கேம் (CAM, அதாவது எந்திரத்துக்கான வெட்டுப் பாதைகளைக் கணினியில் உருவாக்கும்) மென்பொருளும் போதும். பாகத்தைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தையும் வெட்ட வேண்டி வரும்போதுதான் மென்பொருளின் தரம் வெளிப்படுகிறது. முதல் பக்கத்தில் எது வெட்டப்பட்டது, எது மீந்திருக்கிறது, இரண்டாம் பிடிப்பில் பூஜ்யப் புள்ளி (அளவுகள் தொடங்கும் இடம்) எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் அது பிசகாமல் பொருத்திக் காட்ட வேண்டும். சுழலும் கட்டர் எக்ஸ், ஒய், இசட் திசைகளில் வெட்டும் மூன்று அச்சு மில்லிங் எந்திரத்தில், வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்துச் செய்யும் வேலையை மனத்தில் கொண்டு ஆட்டோடெஸ்க் ஃப்யூஷனை இங்கே மதிப்பிடுகிறேன்.

ஃப்யூஷனில் ஒவ்வொரு பிடிப்பும் தனித்தனி செட்டப் ஆகும். இரண்டாம் செட்டப்பில் ஸ்டாக் (வெட்டப்போகும் மூலப்பொருள்) முந்தைய செட்டப்பிலிருந்து வர வேண்டும் என்று அமைத்தால், முதல் பக்க வேலைகள் முடிந்தபின் மீந்த வடிவமே புதிய மூலப்பொருளாக வந்து நிற்கிறது. அதனுடன் 3டி அடாப்டிவ் கிளியரிங் என்ற பெருமளவு பொருளை வெட்டியெடுக்கும் பாதையில், மீந்ததை மட்டும் வெட்டும் ரெஸ்ட் மெஷினிங்கைச் செட்டப் ஸ்டாக்கோடு இணைத்துவிட்டால், ஏற்கெனவே வெட்டிய இடங்களில் கட்டர் வெறும் காற்றில் ஓடி நேரத்தை வீணாக்குவதில்லை. இந்த மென்பொருளை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுவே. ஆனால் 2டி கான்டூர் போன்ற பாதைகள் மீந்த வடிவத்தை இவ்வாறு ஆராய்வதில்லை. நாம் தேர்ந்தெடுத்த விளிம்பையும் கொடுத்த உயரங்களையும் மட்டுமே பின்பற்றுகின்றன. ஆகவே இரண்டாம் பக்கத்தில் மேல் உயரத்தையும் கீழ் உயரத்தையும் ஒவ்வொரு பாதையிலும் தனித்தனியாகச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பூஜ்யப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வசதி தாராளமானது. ஸ்டாக்கைச் சூழும் கற்பனைப் பெட்டியின் மூலை, மாடலை (கணினியில் வரைந்த பாகம்) சூழும் பெட்டியின் மூலை, ஒரு துளையின் மையம் என எதையும் வைத்துக்கொள்ளலாம். இசட், எக்ஸ் அச்சுகளின் திசையைத் திருப்ப ஒரு சொடுக்கு போதும். எதைத் தேர்வது சரி என்பதை மட்டும் மென்பொருள் சொல்லாது. முதல் பக்கத்துக்கு ஸ்டாக்கின் மேற்பரப்பை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டாம் பக்கத்துக்கோ ரம்பத்தால் அறுத்த கரடான விளிம்பை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. அறுத்த துண்டுகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால் அந்த வேறுபாடு முழுவதும் பாகத்தின் தடிமனிலும் துளைகளின் இடத்திலும் வந்து விழும். முதல் பிடிப்பில் வெட்டி முடித்த முகம் இப்போது வைஸுக்குள் பாகத்தைத் தாங்கும் பேரலல் கட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. அதையே இசட் பூஜ்யமாகவும், வெட்டிய பக்கவாட்டையோ துளை மையத்தையோ எக்ஸ், ஒய் ஆதாரமாகவும் மாடலின் மீதே தேர்ந்தெடுப்பதுதான் நம்பகமான வழி.

இதைவிடக் கவனம் கோருவது ஆஃப்செட் எண், அதாவது எந்திரத்தில் பதிந்துள்ள பூஜ்யப் புள்ளிகளுள் எதைப் பயன்படுத்துவது என்று சொல்லும் எண். செட்டப்பின் போஸ்ட் பிராசஸ் பகுதியில் அந்த எண் தொடக்கத்தில் பூஜ்யமாகவே இருக்கிறது. பாதைகளை எந்திர நிரலாக மாற்றும் போஸ்ட் பிராசஸர்கள் பல, பூஜ்யத்தை ஜி54 (முதல் பூஜ்யப் புள்ளியின் குறியீடு) என்று எடுத்துக்கொள்கின்றன. இரண்டு செட்டப்களையும் அப்படியே விட்டால் இரண்டும் ஜி54ஐ நோக்கியே ஓடும். இரண்டு வைஸ்களை மேசையில் அருகருகே வைத்து இரு பக்கங்களையும் ஒரே ஓட்டத்தில் வெட்டுவோருக்கு இது மோதலில் முடியக்கூடிய விஷயம். இரண்டாம் செட்டப்புக்கு 2 என்று கொடுத்தால் அடுத்த பூஜ்யப் புள்ளியான ஜி55 கிடைக்கிறது. புதிய செட்டப் உருவாகும்போதே அடுத்த எண்ணை வைக்கலாமா என்று மென்பொருள் கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பிடிப்புக் கருவிகளைக் கையாளும் முறை மிகவும் நிறைவளிக்கிறது. மேனுஃபேக்சரிங் மாடல் என்ற வசதியின் மூலம், மூல வடிவமைப்பைத் தொடாமலே வைஸையும் சாஃப்ட் ஜாவையும் (பாகத்துக்கேற்பக் குடையக்கூடிய வைஸ் தாடை) சேர்த்து, ஜாவில் பாகத்தின் வெளிவடிவத்தைக் குடைந்துகொள்ளலாம். முதல் பக்கத்திலேயே வெளி விளிம்பைப் பாகத்தின் முழுத் தடிமனுக்கும் சற்று ஆழமாக வெட்டிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் சாஃப்ட் ஜாவில் அமர்த்தி மிகுதியை ஃபேசிங் செய்து (மேற்பரப்பைத் தட்டையாக வெட்டி) எடுக்கும் வழக்கத்துக்கு இது மிகப் பொருத்தம். விளிம்பில் இரு பக்க வெட்டுகள் சந்திக்கும் கோடு விழாது. செட்டப்பில் ஃபிக்சராக (பிடிப்புக் கருவியாக) வைஸையும் ஜாவையும் குறிப்பிட மறக்காமல் இருந்தால், சிமுலேஷன் மோதல்களையும் காட்டிக்கொடுக்கும். அதே சிமுலேஷனில் ஸ்டாக்கை மாடலோடு ஒப்பிடும் வண்ணமுறையை இயக்கினால், மிகுந்திருக்கும் இடம் நீலமாகவும் அளவுக்கு மேல் வெட்டிய இடம் சிவப்பாகவும் தெரிகிறது. இரண்டாம் செட்டப்பை மட்டும் தனியே ஓட்டிப் பார்ப்பதைவிட, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து முதலிலிருந்து ஓட்டுவதே உண்மையான சோதனை.

முதல் செட்டப்பில் ஒரு பாதையை மாற்றினால், அதன் மீந்த வடிவத்தை நம்பியிருக்கும் பின்வரும் பாதைகளை மீண்டும் கணக்கிட வேண்டியிருக்கும். பெரிய 3டி பரப்புகளில் அதற்கு நேரம் பிடிக்கும், ஆயினும் பழைய பாதையை வைத்து உலோகத்தை வெட்டுவதைவிட அந்தக் காத்திருப்பு மேலானது.

தனிப்பயன்பாட்டுக்கான இலவச உரிமத்தில் 2020 அக்டோபர் முதல் ரேபிட் நகர்வு (வெட்டாதபோது விரைந்து நகர்தல்), தானியங்கி டூல் மாற்றம், 3+2 அச்சு வேலை (டூல் திசையைச் சாய்த்து நிறுத்தி வெட்டுதல்) ஆகியவை நீக்கப்பட்டுள்ளன. பாகத்தைக் கையால் திருப்பிப் பிடித்து மேற்சொன்ன முறையில் வெட்டுவதற்கு அந்த உரிமமே போதும், ஒவ்வொரு டூலுக்கும் தனி நிரலாக எடுக்கும் பொறுமை வேண்டும். பாகத்தைக் குறித்த கோணங்களில் திருப்பி நிறுத்தும் இன்டெக்சர் பொருத்தி, ஒரே செட்டப்பில் டூல் திசையை மாற்றிப் பல முகங்களை வெட்ட விரும்புவோர் கட்டண உரிமத்துக்குத்தான் செல்ல வேண்டும்.