அட்டனிலிருந்து ஏஇசட்-400 தேர்வுக்கு: மைக்ரோசொஃப்ட் லேர்ன் பற்றிய மதிப்பீடு

மென்பொருள் வெளியீட்டைக் கையாளும் கருவிகளில் உள்ள தேர்ச்சியைச் சோதிக்கும், மைக்ரோசொஃப்ட் நடத்தும் ஏஇசட்-400 தேர்வுக்கு, மைக்ரோசொஃப்ட் லேர்ன் தளத்தின் இலவசப் பாடங்களையும் மாதிரித் தேர்வையும் மட்டுமே நம்பி, அட்டனில் இருந்தபடியே மூன்று மாதங்கள் படித்தேன். கொழும்புக்குச் சென்று வகுப்பில் சேர வசதியில்லாத மலையக இளைஞர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

மாதிரித் தேர்வே இதன் பெரும் பலம். ஒவ்வொரு விடைக்கும் காரணத்தையும் உரிய ஆவணத்தின் இணைப்பையும் தருவதால், பிழைவிட்ட இடத்திலிருந்தே படிப்பைத் தொடங்க முடிகிறது. வெளியீட்டுக்கு முன் ஒருவரின் ஒப்புதலைக் கோரும் விதியை, வெளியீட்டின் படிகளை எழுதிவைக்கும் யமல் கோப்பிலேயே எழுதலாம் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்விதி கோப்பில் அன்றி, வெளியீடு சென்றடையும் ‘என்விரன்மென்ட்’ மீதே அமைக்கப்படுகிறது என்பதையும், அதனால் கோப்பைத் திருத்தக்கூடியவர் எவரும் அந்த ஒப்புதலைத் தாமே நீக்கிவிட முடியாது என்பதையும் ஒரு பிழையான விடைதான் எனக்குக் கற்பித்தது.

செய்முறைக்கு வெளியீட்டுப் பணிகளை இயக்கும் ‘ஏஜென்ட்’ என்ற மென்பொருளை என் மடிக்கணினியிலேயே நிறுவிக்கொண்டேன், அதற்குக் கட்டணமில்லை. அடைமழையில் மின்சாரம் நின்ற மாலைகளில் கைப்பேசியில் பாடங்களை வாசித்தேன்.

தேறுவதற்கு 1000க்கு 700 புள்ளிகள் வேண்டும். இத்தேர்வு சார்ந்த நிபுணர் (‘எக்ஸ்பெர்ட்’) சான்றிதழுக்கு இத்தேர்வு மட்டும் போதாது. மைக்ரோசொஃப்டின் இணைநிலை (‘அசோசியேட்’) சான்றிதழ் ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும் என்பதை விண்ணப்பிக்குமுன் கவனியுங்கள்.