சிங்கப்பூர் இஆர்பி: கொடுக்கும் வெள்ளிக்கு வேகம் கிடைக்கிறதா?

சாலைக்குள் நுழையக் காசு வாங்கினால், பதிலுக்கு எதையாவது தர வேண்டும். மின்னியல் சாலைக் கட்டணமான இஆர்பி தருவதாகச் சொல்வது வேகம். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30. சராசரி பார்த்துச் சமாளிப்பதில்லை. நூற்றில் 85 வண்டிகளுக்காவது அந்த வேகம் கிடைத்ததா என்பதே கணக்கு. வேகம் அந்த வரம்புக்குக் கீழே இறங்கினால் அந்த அரைமணி நேரத்துக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஏறும், மேலே போனால் ஒரு வெள்ளி குறையும்.

குறைப்பது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பறக்கும் அளவுக்குச் சாலை காலியாகக் கிடந்தால், கட்டணம் தேவைக்கு மேல் ஆட்களை விரட்டியிருக்கிறது என்று பொருள். அதுவும் நஷ்டம்தான்.

நேரத்தின் விளிம்புதான் இதில் தொல்லை. 1975இல் நகர மையத்துக்குள் நுழைய வண்டியில் தாள் உரிமம் ஒட்டிய காலத்தில் கட்டுப்பாடு காலை 9.30க்கு முடிந்தது, 9.31க்கு மொத்தக் கூட்டமும் உள்ளே பாய, சில வாரங்களிலேயே 10.15 வரை நீட்டினார்கள். 1998இல் மின்னியல் முறை வந்த பிறகும், விலை மாறும் நொடிக்காகச் சிலர் ஓரங்கட்டி நிற்க, சிலர் முந்திவிட விரட்டினார்கள். அதனால் 2003இல் இடையில் 5 நிமிடத்துக்கு ஒரு நடுவிலை வைத்தார்கள். நல்ல ஒட்டுவேலை.

சாலைக்கு மேல் சட்டம்போல் நிற்கும் கட்டணச் சாவடிக்கு அடியில் வண்டி கடக்கும் நேரமே விலையை முடிவு செய்கிறது. கிளம்பிய நேரம் செல்லாது. கட்டண அட்டையில் மிச்சம் போதாவிட்டால் கட்டணத்தோடு நிர்வாகக் கட்டணமும் சேரும். பள்ளி விடுமுறையில் பட்டியல் மாறும், பழைய நினைப்பில் போகக் கூடாது.

குறை என்றால், சாவடியைக் கடப்பதற்குத்தான் காசு, ஓடும் தூரத்துக்கு அல்ல. சாவடி இல்லாத தெருவில் நெரிசலைக் கிளப்பினாலும் இலவசம். வண்டி வைத்திருக்கவே வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் இதை இன்னும் கெடுக்கிறது. ஏலத்தில் பத்தாண்டுக்கு மொத்தமாகக் கொட்டிய பணம் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் போனதுதான். எனவே வண்டியை வீட்டில் நிறுத்த யாருக்கும் மனம் வருவதில்லை. அந்தச் சுமையில் ஒரு பங்கை தினசரிக் கட்டணத்துக்கு மாற்றினால் இஆர்பி இன்னும் கூர்மையாக வேலை செய்யும். 2023 முதல் வண்டிகளில் பொருத்தப்படும் புதிய கருவி செயற்கைக்கோள் வழியே இடம் அறியும். ஆனால் வந்தபோது விலை போடும் முறை மாறவில்லை.