துரந்தர் இரண்டாம் பாகம்: ஹிந்தியா, தமிழ் டப்பிங்கா, ஓடிடியா?

2025 டிசம்பர் 5 அன்று வந்த ‘துரந்தர்’ முதல் பாகம் தியேட்டரில் ஹிந்தியில் மட்டும்தான் ஓடியது. ஆதித்ய தர் இயக்கம், ரன்வீர் சிங் நாயகன், 214 நிமிட நீளம், ‘ஏ’ சான்றிதழ். ஹிந்தி தெரியாதவர்களும் வேறு வழியில்லாமல் ஆங்கில சப்டைட்டிலை நம்பிப் போனார்கள். இரண்டாம் பாகத்துக்கு 2026 மார்ச் 19 என்று தேதி குறித்து, ஹிந்தியோடு தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழிகளில் அறிவித்திருக்கிறார்கள். முதல் பாகத்தின்போது எழாத கேள்வி இப்போது எழுகிறது: எந்த மொழியில் டிக்கெட் போடுவது?

முதல் பாகம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதன் கடைசியில் வெளிப்படும் விஷயத்தைத் தொடாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

உளவுப் படம் என்றால் எல்லாம் ஒரே வகை இல்லை. ‘பதான்’, ‘டைகர் 3’, ‘வார் 2’ மூன்றுமே ஹிந்தியோடு தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நாளில் வந்தவை. அவற்றைத் தமிழில் பார்த்தவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஹெலிகாப்டர், ரயில் கூரை, பனிமலை என்று ஓடும் கதையில் வசனம் சின்னச் சின்னதாக வரும், பாதி பஞ்ச் டயலாக். அதைத் தமிழில் சுருக்கென்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ‘துரந்தர்’ அந்த ரகம் கிடையாது. கராச்சியின் லியாரி பேட்டைக்குள் இந்திய உளவாளி ஒருவன் ஹம்சா அலி மஜாரி என்ற பலூச் ஆளாக நுழைந்து, கும்பலோடு உண்டு உறங்கி, மேலே ஏறுகிறான். அவன் உண்மையில் பஞ்சாபைச் சேர்ந்த ஜஸ்கீரத் சிங் ரங்கி என்று முதல் பாகம் முடியும்போதுதான் தெரிகிறது. அவன் போட்டிருக்கும் வேஷத்தில் தாடியும் முடியும் கால்வாசிதான், மிச்சம் முழுக்க நாக்கில் இருக்கிறது. டப்பிங் முதலில் கழற்றி வைப்பது அந்த நாக்கைத்தான்.

ஒரு எழுத்தை எடுத்துக்கொள்வோம். உருதுவில் ‘ஜிந்தகி’, ‘ஜரூர்’ போன்ற சொற்களின் முதல் ஒலி நம் ‘ஜ’ இல்லை. ‘ஜீப்ரா’ என்ற மிருகத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும்போது பல் இடுக்கில் கூசுமே, அந்த ஒலி. பஞ்சாப் கிராமத்துப் பேச்சில் அது பலர் வாயில் வெறும் ‘ஜ’ ஆகிவிடும். அதேபோல வீட்டைக் குறிக்கும் ‘கர்’ என்ற சொல். ஹிந்தியிலும் உருதுவிலும் முதல் எழுத்து மூச்சோடு கனமாக வரும். பஞ்சாபியில் அந்தக் கனம் போய், லேசான ‘க’வாகி, குரல் தாழ்ந்து ஏறும். பஞ்சாபி வாய் கொண்ட ஒருவன் கராச்சியில் வருடக்கணக்கில் மாட்டாமல் இருக்க, கோபத்திலும் தூக்கக் கலக்கத்திலும்கூட இந்த இரண்டையும் அடக்கி வைத்திருக்க வேண்டும். தமிழ் டப்பிங்கில் இரண்டுமே இருக்காது, இருக்கவும் முடியாது. தமிழில் அவன் பேசுவது நம் ஊர்த் தமிழ், எதிரில் இருப்பவன் பேசுவதும் நம் ஊர்த் தமிழ். இவன் எதை மறைக்கிறான் என்று காதுக்குத் தெரியாது.

அடுத்தது மரியாதை. ஹிந்தி, உருதுவில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படி. நமக்கு ‘நீ’, ‘நீங்க’ என்று இரண்டு. ஒரு தலைவன் புது ஆளிடம் ‘தும்’மில் பேசிக்கொண்டிருந்து திடீரென ‘தூ’வுக்கு இறங்கினால் அது பாசமாகவும் இருக்கலாம், மிரட்டலாகவும் இருக்கலாம். தமிழில் இரண்டுமே ‘நீ’தான். நல்ல டப்பிங் எழுத்தாளர் அந்த இடத்தில் ஒரு ‘டா’வோ ‘ப்பா’வோ சேர்த்துச் சமாளிப்பார். நேரம் இல்லாத எழுத்தாளர் ‘நீ’யிலேயே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

‘பாய்’ என்ற சொல் இன்னும் சிக்கல். அங்கே அது அண்ணன், தலைவன், தாதா எல்லாம். இங்கே அதே சொல் இஸ்லாமியப் பெரியவரைக் கூப்பிடும் சொல்லாக நிலைத்துவிட்டது. அப்படியே விட்டால் உறவின் ஏற்ற இறக்கம் தெரியாது. ‘அண்ணே’ என்று மாற்றினால் ஆள் கராச்சியிலிருந்து கழன்று மதுரைக்கு வந்துவிடுவார். ‘வாப்பா’, ‘உம்மா’ என்று தமிழ் முஸ்லிம் வீட்டுச் சொற்களைப் போடலாம், அழகாகவும் இருக்கும். அப்போது லியாரி காயல்பட்டினமாகத் தெரியும். எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று கை நழுவும். இதில் எழுத்தாளரைக் குறை சொல்ல இடமில்லை.

உதட்டசைவு வேறு அவர் கையைப் பிடித்து இழுக்கும். படத்து வசனம் இல்லை, உதாரணத்துக்கு ஒரு சாதாரண வரி: ‘மைன் தும்ஹே மார் தூங்கா’. ‘நான் உன்னைக் கொன்னுடுவேன்’ என்பது நேர் பொருள். ஹிந்தி வரியில் உதடு மூன்று முறை ஒட்டுகிறது: ‘மைன்’, ‘தும்’, ‘மார்’. தமிழ் வரியில் ஒருமுறைகூட ஒட்டவில்லை. குளோசப் ஷாட்டில் இதைப் பேசினால் வாய் ஒன்று சொல்ல, காது வேறொன்று கேட்கும். அதனால் எழுத்தாளர் ‘ம’வில் தொடங்கும் சொல்லாகத் தேடுவார். ‘மவனே, முடிச்சிடுவேன்!’ முதல் அசையில் உதடு ஒட்டுகிறது, இரண்டாவதில் ‘வ’ பாதி ஒட்டுகிறது, நான்காவது அசையில் ‘மு’ வந்து ‘மார்’ மேல் கச்சிதமாக உட்காருகிறது. கடைசியில் இரண்டு அசை கூடுதல், அதை வேகமாகச் சொல்லிச் சமாளிக்கலாம். தொழில்நுட்பமாக நூற்றுக்கு நூறு. ஆனால் பேசியவர் இப்போது காசிமேட்டுக்காரர். ‘ஹிந்திப் படத்தைத் தமிழில் பார்த்தால் எல்லா வில்லனும் வடசென்னை ஆள் மாதிரியே பேசுறாங்களே’ என்று பலர் கேட்பதற்கு இதுதான் காரணம். பெரும்பாலும் அது ரசனைக் குறைவு இல்லை, உதடு செய்யும் வேலை.

தமிழுக்கும் ஹிந்திக்கும் வினைச்சொல் கடைசியில் வருவது பெரிய உதவி. வாக்கியம் எங்கே வெடிக்கிறதோ அங்கேயே தமிழிலும் வெடிக்கும். ஆங்கிலப் படத்தை டப் செய்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஹிந்தியிலிருந்து வரும் டப்பிங் பொதுவாகக் காதுக்கு இயல்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒலியில் என்ன தவறும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. டப்பிங் பதிப்புக்கு வசனத்தை மட்டும் நீக்கிய ‘எம் அண்ட் ஈ’ டிராக் தேவை: இசையும் மற்ற சத்தங்களும் மட்டும் உள்ளது. படப்பிடிப்பிலேயே வசனம் பதிவாகியிருந்தால், அந்த மைக்கில் நடிகரின் மூச்சு, துணி உரசல், காலடி, நாற்காலி கிரீச் எல்லாம் வசனத்தோடு சேர்ந்தே இருக்கும். வசனத்தை உருவினால் அவையும் போய்விடும். இந்தச் சத்தங்களை ஸ்டுடியோவில் உருவாக்கும் ஃபோலி ஆட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து நிரப்ப வேண்டும். அவசரத்தில் அது அரைகுறையாகப் போனால், இருவர் கிசுகிசுக்கும் காட்சியில் பேச்சு நின்றதும் பின்னால் ஒரு வெறுமை விழும், ஸ்டுடியோ அறையின் அமைதி. சண்டைக் காட்சியில் இது தெரியாது, துப்பாக்கிச் சத்தம் மூடிவிடும். பதற்றமான மௌனத்தில்தான் காட்டிக்கொடுக்கும், உளவுப் படமோ அந்த மௌனத்தை நம்பி நிற்பது.

சந்தை, தெருமுனை, கல்யாண வீடு போன்ற காட்சிகளில் கூட்டத்தின் முணுமுணுப்பு இன்னொரு அடையாளம். பின்னணியில் உருதுக் கூச்சலை அப்படியே விட்டு முன்னால் மட்டும் தமிழ் பேசினால் காது குழம்பும். முழுக்கத் தமிழாக்கினால், அதே நான்கு குரல்கள் ‘என்னப்பா, என்னப்பா’ என்று சுற்றிச் சுற்றி வருவது தெரியும்.

டப்பிங்கால் தொட முடியாத இடங்களும் உண்டு. முதல் பாகத்தில் 26/11 மும்பைத் தாக்குதல் பகுதியில் திரை சிவப்பாகி, தாக்கியவர்களுக்கும் அவர்களை இயக்கியவர்களுக்கும் நடந்த பேச்சின் ஒலிப்பதிவு ஓடும். அதைப் போல ஒன்று இரண்டாம் பாகத்தில் இருந்தால் மூலக் குரலை விட்டுவிட்டுத் தமிழை எழுத்தாகப் போடுவதே முறை. நடிகர் குரலில் பேச வைத்தால் அது ஆவணம் என்ற கனம் போய்விடும். அக்‌ஷய் கன்னா நுழையும் இடத்தில் ஒலிக்கும் பஹ்ரைன் ராப் பாட்டு அரபியில் இருந்தது. அப்படிப்பட்ட பாட்டு எந்தப் பதிப்பில் பார்த்தாலும் ஒன்றுதான்.

தமிழ்ப் பதிப்புக்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது: மாதவன். உளவுத் துறையின் மூளையாக வரும் அஜய் சன்யால் பாத்திரம் அவருடையது. 2000-லிருந்து தமிழ்க் காதுக்குப் பழகிய குரல். அவர் வாயிலிருந்து வேறொருவர் குரல் வந்தால் அந்தக் காட்சி முழுக்க மனசு அதிலேயே நிற்கும். தமிழ் டிரெய்லரில் அவர் பேசும் ஒரு வரியைக் கண்ணை மூடிக் கேளுங்கள். சொந்தக் குரல் என்றால் டப்பிங்குக்கு நேரமும் அக்கறையும் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், டிக்கெட் போடலாம். ‘தெய்வத் திருமகள்’ படத்தில் குழந்தையாக வந்த சாரா அர்ஜுன்தான் இங்கே யாலினா என்ற பாத்திரத்தில் வருகிறார். அவரைப் பொறுத்தவரை குரல் சிக்கல் இல்லை, வளர்ந்த பிறகான குரல் நமக்குப் பழக்கமில்லை.

ஹிந்திப் பதிப்பில் உங்கள் சிரமம் சப்டைட்டில்தான். தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸ்களில் ஹிந்திப் படத்துக்கு வருவது ஆங்கில சப்டைட்டில், தமிழ் இல்லை. அதுவும் எல்லாக் காட்சிக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். புக்கிங் பக்கத்தில் காட்சி நேரத்தின் கீழே சப்டைட்டில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தியேட்டருக்கு ஒரு போன் போடுங்கள். சப்டைட்டிலுக்கு இரண்டு வரிதான் இடம். ஏழு விநாடிக்கு மேல் ஒன்றை நிறுத்துவதில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஒருவரின் பேச்சு பாதியாகச் சுருங்கும். கும்பல் தகராறுக் காட்சிகளில் இது நடக்கும், கண் முகத்தை விட்டு எழுத்திலேயே கிடக்கும்.

அதனால் இருக்கை முக்கியம். திரையிலிருந்து பின்னோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடுப்பகுதி. முன் வரிசையில் எழுத்துக்கும் முகத்துக்கும் இடையே கண் ஓடிக்கொண்டே இருக்கும், மூன்றரை மணி நேரத்தில் கழுத்து வலித்துவிடும். தரைச்சரிவு குறைந்த பழைய ஹாலில் முன்னால் இருப்பவர் தலை சரியாக சப்டைட்டில் வரியை மறைக்கும். அங்கே பால்கனி எடுங்கள். நடு ஸ்பீக்கர் மங்கலான ஹால் என்று தெரிந்தால் ஹிந்தியே நல்லது. வசனம் மொத்தமும் அந்த ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். தமிழ்ப் பதிப்பில் அது தெளிவாக இல்லாவிட்டால் கையில் ஒன்றும் நிற்காது, ஹிந்தியில் படித்தாவது தெரிந்துகொள்ளலாம்.

ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராத பெரியவர்களோடு போகிறீர்களா? யோசிக்காமல் தமிழ்ப் பதிப்பு. மேலே சொன்ன நுணுக்கங்கள் எல்லாம் இரண்டாம்பட்சம், கதை புரிவதுதான் முதல். முதல் பாகம் ‘ஏ’ என்பதால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போடுபவர்கள் முன்பதிவுக்கு முன் சான்றிதழைப் பாருங்கள். ‘ஏ’ என்றால் 18 வயது நிரம்பாதவர்களை வாசலிலேயே நிறுத்துவார்கள். முதல் பாகத்தின் நீளத்துக்கு இடைவேளையும் விளம்பரமும் சேர்த்தால் நான்கு மணி நேரம். ஒன்பதரை மணிக் காட்சி முடிய இரவு ஒன்றரை ஆகும்.

ஓடிடிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் ஹிந்திப் படத்துக்கு எட்டு வார இடைவெளி கேட்கின்றன. முதல் பாகம் டிசம்பர் 5-இல் வந்து ஜனவரி 30-இல் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது, சரியாக 56 நாள். மார்ச் 19-க்கு அதே கணக்கைப் போட்டால் மே நடுவில். எந்த ஓடிடியில் வந்தாலும், ஹிந்தி ஆடியோ வைத்துத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொள்ள வழி இருந்தால், காகிதத்தில் அதுதான் மிகச் சிறந்த வழி. ஒரு எச்சரிக்கை: தமிழ் சப்டைட்டில் பல நேரம் ஹிந்தியிலிருந்து எழுதப்படுவதில்லை, ஆங்கில சப்டைட்டிலிலிருந்து எழுதப்படுகிறது. ‘ஆப்’ ஆங்கிலத்தில் ‘யூ’ ஆகி, தமிழில் ‘நீ’ ஆகிவிடும். ‘ஜனாப்’ (ஐயா) என்று பணிந்து பேசியவன் எழுத்தில் ‘நீ’ போட்டுப் பேசுவான். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்: யாராவது ‘ஆப்’ என்று சொல்வது காதில் விழும்போது கீழே ‘நீங்கள்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆங்கில சப்டைட்டிலுக்கே மாறிவிடுங்கள், மொழிபெயர்ப்பில் ஒரு கட்டமாவது குறையும்.

இன்னொன்று: முதல் பாகத்தை ஹிந்தியில் பார்த்திருந்தால் இரண்டாவதையும் ஹிந்தியிலேயே பாருங்கள். 214 நிமிடம் ஒரு குரலில் கேட்ட ஹம்சா வேறு குரலில் பேச ஆரம்பித்தால் முதல் அரை மணி நேரம் காது ஒப்புக்கொள்ளாது. தமிழில்தான் என்று முடிவு செய்துவிட்டால், முதல் பாகத்தின் ஆடியோ பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்து, அதிலேயே இன்னொரு முறை ஓட்டிவிட்டுப் போங்கள்.