கியூ ஆவணக் காப்பகம்: சம்பளப் பட்டியலில் ஒரு மாப்பிள்ளை

முப்பது ஆண்டுகள் சம்பளப் பட்டியல் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். மறுபடியும் ஒன்றைத் தேடி லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவேன் என்று நினைக்கவில்லை.

மருமகனின் முன்னோர் ஒருவர் வேல்ஸ்காரர், மிலிஷியா என்ற படையில் சிப்பாய். 1807இல், நாட்டின் மறுகோடியான கோல்செஸ்டரில் கல்யாணம் செய்திருக்கிறார். சந்தா வாங்கும் வம்சாவளி இணையதளம் ஒன்று, அங்கே மணந்தவர் வேறு ஆள் என்று அடித்துச் சொல்லிவிட்டது.

கியூவில் டபிள்யூ.ஓ. 13 (டபிள்யூ.ஓ. என்றால் வார் ஆஃபீஸ், அன்றைய போர் அலுவலகம்) என்ற வரிசையில் மிலிஷியாப் படைகளின் ஆஜர்ப் பட்டியல்களும் சம்பளப் பட்டியல்களும் இருக்கின்றன. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பேரேடுகள். பெயர், நாள் கணக்கு, தொகை. பழுத்த மையில் கூட்டல்கூடச் சரியாக இருந்தது (போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம்). அந்த ஆண்டு அவருடைய படை இருந்த இடம் கோல்செஸ்டர்.

மிலிஷியா, சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்த உள்நாட்டுப் படை. ஆனால் நெப்போலியன் போர்க் காலத்தில் சொந்த மாவட்டத்தில் பெரும்பாலும் நிறுத்தவில்லை. கலவரம் வந்தால் உறவுக்காரர்மேல் துப்பாக்கியை நீட்டத் தயங்குவார்கள் என்ற பயம் ஒரு காரணம். இருபது வயதுப் பையனை மாதக்கணக்கில் வெளியூரில் உட்கார வைத்தால் கல்யாணம்தான் நடக்கும்.

திருமணப் பதிவேடு கியூவில் கிடையாது; மாவட்டக் காப்பகத்தில் கேட்க வேண்டும். 1753ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமக்களோடு இரண்டு சாட்சிகளும் அதில் கையெழுத்திட வேண்டும். படம் வந்ததும் பார்த்தேன்: மாப்பிள்ளை பெருக்கல் குறி போட்டிருக்கிறார், பெண் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறாள், கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு சாட்சியின் பெயரை எங்கோ பார்த்த நினைவு. பேரேட்டில் மாப்பிள்ளைக்கு மூன்று வரி கீழே அதே பெயர்!

கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே, அன்றைய ஏழைகள் சட்டப்படி (வறியவரை எந்த ஊர் காப்பாற்ற வேண்டும் என்று சொன்ன சட்டம்), கணவனின் ஊரே அவளுக்கும் ஊர். கதியற்றுப் போனால், கண்ணால் பார்த்திராத அந்த வேல்ஸ் கிராமத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். அங்கே பேசும் மொழியாவது தெரிந்திருக்குமா, பாவம்.

காப்பகத்தில் படிக்கக் கட்டணம் இல்லை. சொந்தக் கேமராவில் படம் எடுக்கலாம். பேனா கூடாது, பென்சில்தான். ஞாயிறும் திங்களும் விடுமுறை. அதைப் பார்க்காமல் ஒரு திங்கட்கிழமை போய், வாசல் குளத்து வாத்துகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.